மைதானத்தின் சாவி யாரிடம்?

(விளையாட்டுத் திரைப்படங்கள் குறித்து, மாணவர்கள் நடத்திய திரையிடலின் முடிவில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இரண்டு நாளாகப் படம் பார்த்திருக்கிறீர்கள். 'லகான்', 'ஜீவா', 'சார்பட்டா பரம்பரை', 'ஜூண்ட்' என்று நாலு படம். ஒவ்வொன்றின் முடிவிலும் கைதட்டல். நானும் தட்டினேன். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. தோத்துத் தோத்துப் பழகின சனத்துக்குத் திரையிலயாவது ஒரு ஜெயிப்பு வேணும்ல. ஆனால் நான் பேச வந்தது அந்தக் கடைசி இருபது நிமிஷத்து ஆட்டத்தைப் பற்றி அல்ல. அதுக்கு முன்னாடி நடக்கிற சங்கதியைப் பற்றி.

விளையாட்டு என்றால் அரசியல் கலக்காத இடம், திறமை மட்டுமே பேசும் இடம் என்று ஒரு கருத்தியலை நமக்குள் ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்திலிருந்து தொலைக்காட்சி வர்ணனை வரைக்கும் இதேதான். விளையாட்டுப் படங்களும் பெரும்பாலும் இதையே திருப்பிச் சொல்கின்றன. எல்லாத் தடையும் தாண்டி நாயகன் மைதானத்துக்குள் வந்துவிடுகிறான், வந்ததும் ஜெயிக்கிறான், படம் முடிகிறது. அதிகாரம் மைதானத்துக்குள்ள இல்ல தோழர்களே. யார் மைதானத்துக்குள்ள வரலாம்னு முடிவு பண்ற ஒரு ரூம் இருக்கு பாருங்க, அங்க இருக்கு. கேமரா அந்த ரூமுக்குள்ள எப்போ போகுது, எப்போ வாசல்லயே நின்னுடுதுங்கிறதை வெச்சு ஒரு படத்தை நாம எடைபோடலாம்.

நான் பிறந்த சேரியில் எங்களுக்கு ஏரிதான் மைதானம். தண்ணி வத்தினா ஆட்டம். மழை பெஞ்சா ஆட்டம் முடிஞ்சுது. பள்ளிக்கூடத்துக்குன்னு நல்ல மைதானம் ஒண்ணு இருந்தது, கம்பிக் கதவும் பூட்டும் போட்டு. சாவி ஊர்க்காரர் ஒருத்தர் வீட்டில். அவர் வீட்டுப் பிள்ளைகள் ஆட வந்தால் கதவு திறக்கும். எங்களை யாரும் 'வராதே' என்று சொன்னதில்லை. சாவி கேட்டுப் போனால் வீட்டில் ஆள் இருக்கமாட்டார், அவ்வளவுதான். இதைச் சொல்வது அனுதாபத்துக்காக அல்ல. விளையாட்டில் தீண்டாமை எப்படி நடக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் இப்படி, சத்தம் இல்லாமல் நடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் 'லகான்'. 2001-ல் அசுதோஷ் கவாரிகர் எடுத்த படம். ஆஸ்கர் வரை போனது. கதை 1893-ல், சம்பானேர் என்ற கிராமத்தில் நடக்கிறது. வெள்ளைக்கார அதிகாரியோடு கிரிக்கெட் ஆடி ஜெயித்தால் வரி கிடையாது, தோற்றால் மூன்று மடங்கு. ஊர் திரண்டு அணி சேர்க்கிறது. அதில் கச்ரா என்று ஒருவன். கச்ரா என்றால் குப்பை. படத்தில் வேறு பெயர் அவனுக்குக் கிடையாது. எல்லைக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறான். பந்து உருண்டு அவன்பக்கம் போகிறது. நாயகன் புவன் எறியச் சொல்கிறான். தொடலாமா என்று நடுங்கிக்கொண்டே எறிகிறான். பந்து தரையில் பட்டுத் திரும்புகிறது. ஏன் திரும்புகிறது? அவன் கை ஊனம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். மற்ற ஆட்டக்காரர்களுக்கெல்லாம் ஒரு தொழில், அந்தத் தொழிலிலிருந்து ஒரு திறமை. கோழி பிடிக்கிறவன் பந்து பிடிக்கிறான். எல்லாம் உழைப்பில் வந்த திறமை. தலித்துக்கு மட்டும் திறமை ஊனத்திலிருந்து வருகிறது! அவன் கற்றுக்கொண்டது அல்ல, பழகியது அல்ல, அவனுக்கே தெரியாமல் கையில் இருந்தது. அதைக் கண்டுபிடிப்பதும் புவன்தான். ஊர் எதிர்க்கிறது, தொட மாட்டோம் என்கிறது, புவன் நீண்ட பிரசங்கம் செய்து ஊரைத் திருத்துகிறான். அந்த நேரம் முழுக்கக் கச்ரா என்ன பேசினான்? ஒண்ணும் பேசல. கை கட்டி நிற்கிறான். அவன் பிரச்சினையைப் பேச அவனுக்கு வசனம் எழுதப்படவில்லை. பிறகு அந்தக் கை ஹாட்ரிக் எடுத்துக் கொடுக்கிறது.

கடைசிப் பந்தைக் கவனித்தீர்களா? மட்டையோடு நிற்பது கச்ரா. அவன் எடுப்பது ஒரே ஓட்டம். அது நோ-பால் ஆகிறது, மட்டைமுனை புவனுக்குப் போகிறது, அவன் சிக்ஸர் அடிக்கிறான். கச்ரா ஓடினது புவன் அடிக்கிறதுக்கு. ஹரிஜன சேவையின் முழு இலக்கணமும் அந்த ஒரு ஓவரில் இருக்கிறது.

இப்போது சினிமாவை விட்டு வரலாற்றுக்கு வருவோம். படம் 1893 என்று சொல்கிறதே, அதே 1890-களின் தொடக்கத்தில் பூனாவில் நிஜமாகவே ஒருவர் பந்து வீசிக்கொண்டிருந்தார். பல்வாங்கர் பாலு. சாமர் சாதி. பார்சிக்காரர்களின் கிளப்பில் ஆடுகளம் பெருக்கி உருட்டும் வேலை, மாசம் 3 ரூபாய். பிறகு ஐரோப்பியர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்கு வலைப் பயிற்சியில் பந்து வீச வேண்டும். கிரெய்க் என்ற அதிகாரி தன்னை ஒவ்வொரு முறை அவுட் ஆக்கும்போதும் எட்டணா கொடுத்ததாக ஒரு கதை உண்டு. மணிக்கணக்கில், வருஷக்கணக்கில் வீசி வீசி இடதுகைச் சுழற்பந்தைப் பழகினார். ஊனம் அல்ல தோழர்களே, உழைப்பு. இன்னொரு விஷயம், அந்த வலையில் அவர் கையில் மட்டையைக் கொடுத்ததே இல்லை. மட்டை பிடிப்பது துரைமார் வேலை. பந்து வீசுவது வேலைக்காரன் வேலை. கிரிக்கெட்டுக்குள்ளேயே ஒரு வருணாசிரமம் இருந்தது.

பூனாவின் இந்து அணிக்குச் சங்கடம் வந்தது. வெள்ளைக்காரனை ஜெயிக்கணும், ஜெயிக்கிற ஆள் தீண்டத்தகாதவன். சேர்த்துக்கொண்டார்கள். எப்படி? மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர். சாப்பாடு தனியே. பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்குத் தீட்டு! நம்ம ஊர் டீக்கடை இரட்டைக் குவளைக்கு இதைவிட நல்ல சரித்திர ஆதாரம் வேண்டாம்.

பிறகு பாலு பம்பாய் போகிறார். அங்கே மத அடிப்படையில் அணிகள்: ஐரோப்பியர், பார்சி, இந்து, பின்னால் முஸ்லிம். 1906-ல் இந்துக்கள் ஐரோப்பியரைத் தோற்கடித்தபோது ஜெயித்துக் கொடுத்தவர்களில் பாலுவும் தம்பி சிவராமும் முன்னணியில் இருந்தார்கள். 1911-ல் இந்திய அணி இங்கிலாந்து போனது. தலைவர் யார்? பாட்டியாலா மகாராஜா. பாலு அந்தப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்தவருக்கு பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு கொடுத்தார்கள். அதில் முன்னின்றவர்களில் இருபது வயது மாணவர் ஒருவர், பெயர் பீமராவ் அம்பேத்கர்.

அப்படிப்பட்ட ஆளுக்கு இந்து அணியின் தலைமையைக் கொடுத்தார்களா? கடைசிவரை இல்லை. 1920-ல் தலைமைப் பிரச்சினையில் தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தச் சண்டையின் பலனாக பாலு துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். 1923-ல்தான் விட்டல் தலைவராக வந்தார், அணி ஜெயித்தது. பந்து வீச விட்ட முப்பது வருஷத்துக்கு அப்புறம் தலைமை, அதுவும் தம்பிக்கு, அதுவும் சண்டை போட்டு. 'லகான்' எடுத்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கலாம், தெரியாமல் இருந்திருக்கலாம். பாலு, விட்டல், சிவராம் என்று பெயரும் சம்பளமும் கோபமும் உள்ள மனிதர்கள் இருந்த அதே காலத்தில், கதைக்காரனுக்குக் கிடைத்தது குப்பை என்ற பெயர் மட்டும்தான் என்பதுதான் நமக்கு முக்கியம்.

நாம் பாலுவையும் சாமி ஆக்க வேண்டாம். 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் அவரை பாபாசாகேபுக்கு எதிராகவே நிறுத்தியது. பாலு தோற்றார், வித்தியாசம் இரண்டாயிரம் ஓட்டு அளவுக்குத்தான். ஒரு தலித் விளையாட்டு வீரனின் புகழை யார் எதுக்குப் பயன்படுத்துவாங்கங்கிறதுக்கு இதுவும் ஒரு பாடம்தான்.

தலைமை என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளைப் பாருங்கள். 1928 முதல் டெஸ்ட் ஆடுகிறார்கள். ஓடுவது, வேகப்பந்து வீசுவது எல்லாம் கறுப்பர்கள். தலைவர் வெள்ளைக்காரர். 1948-ல் ஜார்ஜ் ஹெட்லி ஒரே ஒரு டெஸ்டுக்குத் தலைவராக இருந்தார். முழுத் தொடருக்குக் கறுப்பர் ஒருவர், ஃபிராங்க் வொரெல், தலைவரானது 1960-ல். அதுக்கு சி.எல்.ஆர். ஜேம்ஸ் பத்திரிகையில் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. 'ஃபயர் இன் பாபிலோன்' என்று 2010-ல் வந்த ஆவணப்படம், கிடைத்தால் பாருங்கள். 1976-ல் இங்கிலாந்துத் தலைவர் டோனி கிரெய்க், தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளையர், இவர்களை மண்டியிட வைப்பேன் என்கிற மாதிரி பேசினார். அதற்கு அவர்கள் பந்தால் என்ன பதில் சொன்னார்கள் என்பதை அந்த ஆட்டக்காரர்களே உட்கார்ந்து சொல்கிறார்கள். அங்கே கச்ராவுக்கு வாய் இருக்கிறது.

அடுத்து 'ஜீவா'. 2014, சுசீந்திரன். தமிழ் சினிமாவில் தேர்வுக் குழு அறைக்குள் கேமராவைத் தைரியமாகக் கொண்டுபோன படம் என்று இதைச் சொல்ல வேண்டும். முதுகில் தட்டிக் கொடுப்பது போலப் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற அந்தக் காட்சி, வந்த காலத்தில் பெரிய விவாதம் ஆச்சு. திறமை இருந்தும் ஒதுக்கப்பட்ட நண்பன் உயிரை விடுகிறான். கோபப்பட வேண்டிய இடத்தில் படம் கோபப்படுகிறது. அதற்கு என் மரியாதை உண்டு.

ஆனால் இரண்டு கேள்வி. பூணூல் இல்லாதவன் எல்லாம் ஒரே கூடை என்று படம் வைத்துக்கொள்கிறது. மைலாப்பூர் கிளப்பில் பூணூல் தடவுகிறவன் அதிகாரம் ஒன்று. எங்க ஊர்ல ஸ்கூல் மைதானத்துச் சாவியை வெச்சிருந்தவர் அதிகாரம் இன்னொண்ணு. அவருக்கும் பூணூல் கிடையாது! பார்ப்பனியம் முதுகில் நூலாக மட்டும் கிடப்பதில்லை. இந்த இரண்டாவது அதிகாரத்தைப் பற்றிப் பேச பிராமணரல்லாதார் அரசியலுக்கு எப்பவும் கூச்சம், படத்துக்கும் அதே கூச்சம். இரண்டாவது கேள்வி, ஜீவாவுக்கு விடிவு எங்கிருந்து வருகிறது? ஐ.பி.எல். வழியாக. வாரியம் கதவைச் சாத்தினால் முதலாளி ஜன்னலைத் திறப்பான் என்கிறது படம். சந்தைக்குச் சாதி தெரியாது என்ற பிரச்சாரம் 1991-லிருந்து நாம் கேட்பதுதான். அந்த ஏலத்துக்குப் போவதற்கே முதலில் ஒரு லீக் அணி, ஒரு மாநில அணி, ஒரு பயிற்சியாளர், ஒரு கிட்டு என்று எத்தனை வாசல் தாண்டணும். அந்த வாசலில் எல்லாம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம், சுருக்கமாக. இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 1928-ல் உருவானது. சட்டப்படி அது தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். உங்க தெரு நற்பணி மன்றம் மாதிரி. அதற்கு 'இந்தியா' என்று பேர், தேசியக் கொடி, தேசப்பற்று எல்லாம் உண்டு. 2005-ல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது: அரசியல் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி வாரியம் 'அரசு' ஆகாது. இதற்கு நமக்கு என்ன அர்த்தம்? சமத்துவம், பாகுபாடின்மை என்று பாபாசாகேப் எழுதி வைத்த அடிப்படை உரிமைகளை அரசிடம் கேட்பதுபோல அதனிடம் நேரடியாகக் கேட்க முடியாது. 2015-ல் அதே நீதிமன்றம், இது பொதுக் கடமை செய்கிற அமைப்பு, உயர்நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று கொஞ்சம் இறங்கி வந்தது. லோதா குழு வந்தது, 2016-ல் அதன் பரிந்துரைகளை ஏற்றார்கள், 2022-ல் பதவிக்கால விதிகளைத் தளர்த்திக்கொள்ள அனுமதியும் கொடுத்தார்கள். 2018-ல் சட்ட ஆணையமும் மத்தியத் தகவல் ஆணையமும் வாரியம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வர வேண்டும் என்றன. வாரியம் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. இந்தச் சண்டைகள் எல்லாம் பணம், பதவி, ஊழல் பற்றியவை. சாதி பற்றி ஒரு வரி கிடையாது. எந்தத் தேர்வுக் குழுவில் எத்தனை தலித், எத்தனை பழங்குடி என்று கேட்கவே இல்லை.

கேட்டால் 'தரம் கெட்டுப் போகும்' என்பார்கள். தென்னாப்பிரிக்கா 2016-ல் ஓர் இலக்கு வைத்தது. ஒரு பருவத்தின் சராசரியில் 11 பேரில் 6 பேர் வெள்ளையரல்லாதவர், அதில் 2 பேராவது கறுப்பின ஆப்பிரிக்கர். இங்கே உள்ள பத்திரிகையாளர்கள் சிரித்தார்கள். 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் அந்த நாடு உலக டெஸ்ட் சாம்பியன் ஆனது. கோப்பையை வாங்கினவர் டெம்பா பவுமா, அந்த நாட்டு அணிக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். அவரைத்தான் பல வருஷம் 'கோட்டா' என்று கேலி பண்ணினார்கள். உங்களையும் கல்லூரியில் அந்த வார்த்தையால் கூப்பிட்டிருப்பார்கள்.

இனி 'சார்பட்டா பரம்பரை'. 2021, பா. இரஞ்சித். 1970-களின் வடசென்னை. இரண்டு குத்துச்சண்டைப் பரம்பரைகள், சார்பட்டா, இடியாப்பம். வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டத்தைத் துறைமுகத்து உழைப்பாளிகளும் சேரி மக்களும் தங்கள் பரம்பரையாக்கிக்கொண்ட கதை. இது சினிமாவுக்காகக் கற்பனை செய்தது இல்ல, நிஜத்திலேயே அந்தப் பரம்பரைகள் இருந்தன. கபிலன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். யாரை மேடையேற்றுவது என்பதற்குப் பரம்பரைக்குள்ளேயே ஓர் அரசியல். கபிலன் வருவதைத் தணிகை பொறுக்கவில்லை.

வேம்புலியோடு நடக்கிற அந்த முதல் சண்டைக்கு வருகிறேன். கபிலன் ஜெயிக்கப் போகிறான். அப்போது போலீஸ் உள்ளே வருகிறது. 1976 ஜனவரி 31, நெருக்கடி நிலை, தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டுவிட்டது, வாத்தியார் ரங்கனைக் கைது செய்ய வந்திருக்கிறார்கள். அந்தக் குழப்பத்தில் தணிகை ஆட்கள் மேடையேறி கபிலனின் துணியை உருவுகிறார்கள். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்தான் இந்தப் படத்தின் அரசியல் அறிவு இருக்கிறது. அரசாங்கம் கலையுது, சாதி கைவைக்குது. ஆட்சி யாருடையதாக இருந்தாலும் அது கலைகிற அந்த நிமிஷம் சாதிக்கு ஒரு திறந்த கதவு.

ஏன் துணி? அடித்துப் போடலாம், கையை உடைக்கலாம். ஜெயிக்கிற தலித் உடலை ஆயிரம் பேர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அந்தப் பார்வையை மாற்ற வேண்டும். தோல்வி போதாது, அவமானம் வேண்டும். 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், ஆடையைக் களைந்து இழுத்துச் செல்வதைத் தனிக் குற்றமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டில் இதைச் சட்டத்தில் தனியாக எழுத வேண்டியிருக்கிறது என்றால் அது எத்தனை முறை நடந்திருக்கும். கபிலன் அதன் பிறகு வருஷக்கணக்கில் சாராயத்தில் விழுந்து கிடப்பதைச் சிலர் படத்தின் தொய்வு என்று எழுதினார்கள். எனக்கு அது தொய்வாகத் தெரியவில்லை. அந்த அவமானத்திலிருந்து அடுத்த காட்சியிலேயே எழுந்து ஓடியிருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும்.

ஒரு விமர்சனம் உண்டு. நல்ல வாத்தியார், நல்ல கட்சி என்று ஒரு சாய்வு படத்தில் தெரிகிறது. தலித்துக்குக் கையுறை மாட்டிவிட ஒரு திராவிட வாத்தியார் வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் கபிலனை மறுபடி எழுப்புவது கடற்கரையில் இருக்கும் கிழவர் பீடி ராயப்பன்; அம்மா பாக்கியம்; மனைவி மாரியம்மா. மாரியம்மா கை கட்டி நிற்கிறவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கபடி பற்றி ஒன்று சொல்லணும், இதைப் பல நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கபடி என்பது தொடுகிற ஆட்டம். போய்த் தொட்டுவிட்டு வரணும். வந்தவனைக் காலைக் கட்டிப் பிடிக்கணும், இடுப்பைப் பிடிக்கணும், மேலே விழணும். தீண்டாமை இருக்கிற ஊரில் இதை எப்படி ஆடுவது? எங்கள் பக்கத்தில் ஊரும் சேரியும் கிரிக்கெட்டில் மோதியது உண்டு. கபடியில் மோதியதில்லை. கிரிக்கெட்டில் தொட வேண்டியது பந்தை மட்டும்தான். அதையும் பேன்ட்டில் துடைத்துக்கொள்ளலாம்! 2009-ல் 'வெண்ணிலா கபடிக் குழு' வந்தது, அதில் ஆடு மேய்க்கும் மாரி கடைசியில் செத்துப்போகிறான். 2025 அக்டோபரில் மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' வந்தது. மணத்தி கணேசனின் வாழ்க்கையை ஒட்டியது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டி வரை போனவர். இதில் ஆடுகிறவன் சாகவில்லை. ஆனால் ஊரைச் சுற்றி வெட்டும் குத்துமாக இருக்கும்போது மைதானத்துக்குப் போய்த் திரும்புவதே ஒரு ரெய்டு மாதிரி. கோட்டைத் தாண்டிப் போகணும், மூச்சு விடாமல் பாடணும், உயிரோடு திரும்பணும். அந்த அப்பனின் பயம் எனக்குப் புரிந்தது.

'ப்ளூ ஸ்டார்' இங்கே போடவில்லை, போட்டிருக்கலாம். 2024 ஜனவரியில் வந்தது, ஜெயக்குமார் இயக்கம். அரக்கோணம். காலனி அணி ப்ளூ ஸ்டார், ஊர் அணி ஆல்ஃபா பாய்ஸ், பழைய பகை. 'ஜீவா' விட்ட கேள்வியை இந்தப் படம் எடுத்துக்கொள்கிறது. ஊர்ப் பையனும் சென்னை கிளப்புக்குப் போனால் அவமானப்பட்டுத்தான் திரும்புகிறான். பிறகு இரண்டு அணியும் சேருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் பகை தீருகிற வேகம் சினிமா வேகம். மேலே இருப்பவனிடம் உதை வாங்கியவன் கீழே இருப்பவனை உடனே கட்டிப்பிடிப்பான் என்பதற்கு நம்ம அனுபவத்தில் ஆதாரம் குறைவு. பெரும்பாலும் வாங்கின உதையைக் கீழே இறக்கி வைப்பான். இருந்தாலும் அந்த ஊர்த் தெருவுக்குள் கிரிக்கெட் மட்டை பிடிக்கிற ஒரு பெண்ணை வைத்தார்களே, அதற்கு நன்றி.

'ஜூண்ட்' உங்களுக்குப் புதுசாக இருக்கிறதால அதிகம் சொல்லாமல் விடுகிறேன், விவாதத்தில் வரட்டும். 2022, நாகராஜ் மஞ்சுளே. நாக்பூர், சேரிப் பிள்ளைகளின் கால்பந்து. அமிதாப் பச்சன் அம்பேத்கர் படத்தின் முன் நிற்கிறார் என்று எல்லாரும் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இரண்டு. ஒன்று, பிள்ளைகள் ஒவ்வொருவராக உட்கார்ந்து தங்கள் கதையைத் தாங்களே சொல்கிற இடம். கச்ராவுக்குப் பேச்சு வர இருபத்தோரு வருஷம் ஆகியிருக்கிறது. மற்றொன்று, ஆட்டம் ஜெயிப்பதோடு படம் முடியவில்லை. அதற்குப் பிறகுதான் நிஜமான ஆட்டமே ஆரம்பிக்கிறது: பாஸ்போர்ட். ஆதிவாசிப் பெண்ணும் அப்பாவும் நீ யார் என்று நிரூபிக்க அலைகிறார்கள், இவள் எங்கள் ஊர்க்காரிதான் என்று ஒரு காகிதம் வாங்க. சேரிப் பையனுக்குப் போலீஸ் கேஸ் குறுக்கே நிற்கிறது. நம்மில் எத்தனை பேர் மண்டலப் போட்டிக்குப் பிறந்த தேதிச் சான்றும் சாதிச் சான்றும் இல்லாமல் நின்றிருக்கிறோம்! விளையாட்டுப் படத்தில் வில்லனாகத் தாசில்தார் ஆபீஸ் வந்த முதல் படம் இதுவாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு சுவர், தாண்டக்கூடாது என்று எழுதியது. கல்லூரிக்கும் குடிசைக்கும் நடுவில். அந்தக் கல்லூரியில் நீங்கள் படிக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

'சக் தே இந்தியா' எல்லாரும் பார்த்திருப்பீர்கள், 2007. பெண்கள் ஹாக்கி. பெண்கள் அணியை அனுப்புவதா வேண்டாமா என்று ஆண்கள் உட்கார்ந்து பேசுகிற கூட்டமைப்பை அந்தப் படம் காட்டியது. வடகிழக்குப் பெண்களை விருந்தாளி என்று கூப்பிடும் இடமும் உண்டு. ஜார்க்கண்ட் ஆதிவாசிப் பெண்களுக்கு மட்டும் வசனம் மிச்சம் பிடித்துவிட்டார்கள். பயிற்சியாளர் வரிசையாக நிற்கவைத்துப் பேர் கேட்கிறார். மாநிலத்தின் பேர் சொன்னால் வெளியே போ, இந்தியா என்று சொன்னால் உள்ளே வா. தியேட்டரில் விசில் பறந்தது.

2021 ஜூலை 31, டோக்கியோ ஒலிம்பிக். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். ஆகஸ்ட் 4, அரையிறுதியில் அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்வார் பக்கத்தில் ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு வாசலில் வந்து பட்டாசு வெடித்தார்கள். சாதி பேர் சொல்லி ஏசினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றது என்று கத்தினார்கள் என்பது குடும்பத்தின் புகார். வந்தனா 'இந்தியா' என்றுதான் சட்டையில் எழுதி ஆடினார். வெடி வைத்தவர்கள் 'உள்ளே வா' என்று சொல்லவில்லை.

'தங்கல்' பற்றிக் கேட்டார்கள். அதில் அதிகாரம் என்பது ஒரு கெட்ட பயிற்சியாளர், அவ்வளவுதான். 2023-ல் நிஜ மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஆளுங்கட்சி எம்.பி. மீது பாலியல் புகார். மே 28, புது நாடாளுமன்றத் திறப்பு நாளில் தெருவில் இழுத்துப் போனார்கள். டிசம்பரில் அவருடைய ஆளே புதிய தலைவராக வந்தார்; சாக்ஷி மாலிக் ஷூவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆதிக்கச் சாதியில் பிறந்து, ஒலிம்பிக் மெடல் வாங்கி, தேசமே தெரிந்த பெண்ணுக்கு இதுதான் நிலைமை என்றால், மாவட்ட அளவில் ஆடுகிற சேரிப் பெண் புகார் சொல்ல யாரிடம் போவாள்? அந்தப் படத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லை. இங்கே கேமரா கற்கிற பிள்ளைகள் ரெண்டு மூணு பேர் இருக்கீங்க, அதனால சொல்றேன்.

ஒரு வேலை இருக்கு. உங்கள் பல்கலைக்கழகம் அரசுப் பணத்தில் நடக்கிறது, அது தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும், வாரியம் மாதிரி தப்பிக்க முடியாது. கடந்த ஐந்து வருஷத்தில் ஒவ்வொரு அணிக்கும் தேர்வு நடத்திய குழுவில் யார் யார், தேர்வுத் தேதி எந்தப் பலகையில் ஒட்டப்பட்டது, பயணப்படி யாருக்குப் போனது, மைதானம் எந்தெந்த நேரத்தில் யாருக்குத் திறந்திருக்கிறது, விடுதி மாணவர்களுக்கு அனுமதி உண்டா என்று கேட்டு மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. பதில் வந்தால் இந்த இதழுக்கு ஒரு நகல் அனுப்புங்கள். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது, அதை எழுத நான் உதவுகிறேன்.

நேரமாச்சு. கேள்விகள் இருந்தா கேளுங்க. முன்வரிசைக்காரங்க முதல்ல வேண்டாம், பின்னாடி நிக்கிற தோழர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.